வெடிக்காத அடுப்பு

வாருங்கள். மேடைப் பேச்சைக் கேட்டுக் கைதட்டியது போதும். இன்று என்னோடு ஆனைக்குட்டம் வரை நடந்து வாருங்கள். அங்கே பெத்தணன் என்ற கரிசல்காட்டு விவசாயியின் வீட்டில், நெல் இல்லாத குலுக்கையின் மேல், ஒரு பொருள் இருக்கிறது. மூன்று கால், வயிறு பருத்த பித்தளைத் தொட்டி, பக்கத்தில் காற்றடிக்கும் பம்ப், உச்சியில் நெருப்புப் பூக்க வேண்டிய வாய். பம்ப் அடுப்பு. இது வெடித்துத்தான் பெத்தணனின் மகள் இருளம்மாள் செத்தாள் என்று அரசாங்கத்தின் காகிதம் சொல்கிறது. காகிதத்தை விடுங்கள், அடுப்பைக் கையில் எடுங்கள். விரல் முட்டியால் தட்டுங்கள். கோயில் மணியைப் போல ஓசை வருகிறதே, வெடித்த தொட்டி இப்படிப் பேசுமா?

நீங்கள் சாட்சி. இனி, நடந்ததைக் கேளுங்கள்.

பெத்தணனுக்குப் பருத்தி நன்றாக வெடித்த ஒரு வருடம், மகளுக்குக் கல்யாணம் கூடியது. பாத்திரம் வாங்க மகளையும் கூட்டிக்கொண்டு சாத்தூருக்கு, பீர் முகைதீன் கடைக்குப் போனார். குடம், குத்துப்போணி, சோற்றுச்சட்டி எல்லாம் எடுத்து வைத்த பிறகும் அவர் கண் கடையின் மேல்தட்டிலேயே நின்றது.

"அது என்ன பாய், குட்டிக் கோயில் மாதிரி?"

"பம்ப் அடுப்பு அண்ணாச்சி. மண்ணெண்ணெய் ஊத்தி எரிக்கது. வெறகு வேண்டாம், ஊதாங்குழல் வேண்டாம், ஒரு துளி புகை இருக்காது."

"புகை இருக்காதா?" பெத்தணன் மகளைத் திரும்பிப் பார்த்தார். தாயில்லாப் பெண். எட்டு வயதில் சோறு பொங்க உட்கார்ந்தவள். "இது ஊதி ஊதிக் கண்ணுல தண்ணியோடயே வளந்த புள்ள பாய். போற எடத்துலயாச்சும் கண்ணத் தொறந்து சோறாக்கட்டும். எறக்குங்க."

பீர் முகைதீன் அடுப்பை இறக்கி, தோள்துண்டால் துடைத்து, கால்மேல் நிறுத்தினார். "தாயி, நல்லாக் கேட்டுக்கோ. இந்தக் கிண்ணியில கொஞ்சம் ஸ்பிரிட்டு ஊத்திப் பத்தவைக்கணும். தல நல்லாச் சூடேறுன பெறகுதான் பம்ப் அடிக்கணும். இது புது மாப்பிள்ளை கணக்கா. மெதுமெதுவாத்தான் வழிக்குக் கொண்டாரணும். எடுத்த எடுப்புல அடிச்சியோ, மூஞ்சியில பாயும்."

"எங்க மாப்பிள்ளை சாது பாய்" என்றார் பெத்தணன். இருளம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஸ்பிரிட்டு எங்க கெடைக்கும்?" என்று அவள்தான் கேட்டாள்.

"அதான் பாடு. மதுவிலக்கு வந்ததுலருந்து அதையும் குடிச்சிருவானுகன்னு பூட்டி வச்சிருக்காக. கெடைக்கலேன்னா ஒரு துணியை மண்ணெண்ணெயில நனைச்சுக் கிண்ணியில போடு. கொஞ்சம் புகையும், ஆனாப் புடிச்சுக்கிடும். இருங்க, கொளுத்தியே காட்டுறேன்."

பெத்தணன் கையை நீட்டித் தடுத்தார். "வேண்டாம் பாய். கல்யாணச் சாமான். மொதத் தீ எம்மக கையால வைக்கட்டும்."

ஒரு தகப்பனின் ஆசை அது. அதில் குற்றம் இல்லை.

இருளம்மாள் வாழ்க்கைப்பட்டது எம். புதுப்பட்டியில். கணவன் சோணைமுத்து பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுபவன், அதிர்ந்து பேசாதவன். மாமியார் செல்லத்தாய், பேசினால் தெருக்கோடி வரை கேட்கும். சீர் வந்து இறங்கிய அன்றே அடுப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அதில் தன் முகம் தெரிவதைப் பார்த்தாள். பழஞ்சேலையில் சுற்றிப் பரண்மேல் ஏற்றிவிட்டாள்.

"அத்தை, அதுல ஒருநா காப்பி போட்டுப் பாப்பமா?"

"பித்தள கறுத்துப் போகும்த்தா. முத்தத்துல அடுப்பு இல்லையா, பருத்திமார் இல்லையா, உனக்கு மூச்சுதான் இல்லையா? ஊது."

அந்த அடுப்புக்கு எண்ணெய் கிடையாது, நெருப்பு கிடையாது. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் புளிக் குளியல் உண்டு. தெருவில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் அது ஊர்வலம் போகும். சீர்வரிசையில் பம்ப் அடுப்பு இருந்தால் சம்பந்திகள் மத்தியில் ஒரு மதிப்பு. பக்கத்து வீட்டு வீரலட்சுமிதான் அந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தவள்.

"மதினி, உங்க அடுப்பக் குடுங்க. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டு ஆளுக சீரு பாக்க வாராக."

"குடுக்கேன். தீயக்கீய வச்சிராதீக."

"அய்ய, எங்களுக்கு அதப் பத்தவைக்கவே தெரியாது."

"தெரியாம இருக்கதுதான் நல்லது."

மறுநாள் அடுப்பு பரணுக்குத் திரும்பிவிடும். "பொண்ணு கொண்டாந்த பம்ப் அடுப்பு எங்க?" என்று எந்தச் சம்பந்தி கேட்டாலும் "ரிப்பேருக்குப் போயிருக்கு" என்பது தெரு முழுக்க ஒரே பதில். புதுப்பட்டியிலிருந்து கட்டிக்கொடுத்த பெண்களின் அடுப்பெல்லாம் எப்போதும் ரிப்பேரில்தான் இருந்தது என்று சொல்லி இருளம்மாள் விழுந்து விழுந்து சிரிப்பாளாம்.

ஒரு மாசியில் செல்லத்தாய்க்கே காய்ச்சல் கண்டது. முற்றத்து விறகு பிடிக்காமல் மருமகள் கண் சிவக்க ஊதினாள்.

"அத்தை, உங்களுக்குக் கசாயம் வைக்கத்தான் கேக்கேன். அந்த அடுப்ப எறக்கட்டுமா?"

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது: "நான் செத்தாலும் பரவாயில்ல, அது பரண்லயே இருக்கட்டும்."

"நீங்க செத்தா அத என்ன செய்யட்டும்?"

"கேத வீட்டுக்கு நாலு பேரு வருவாக. எறக்கி வை. பாத்துட்டுப் போகட்டும்."

காய்ச்சலோடு மாமியாரும் சிரித்தாள், புகையோடு மருமகளும் சிரித்தாள். அவர்கள் பகையாளிகள் அல்ல. கைக்கெட்டிய சுகத்தையும் பரணில் வைத்துப் பார்க்கவே பழக்கப்பட்ட வறுமை, இருவரையும் ஒரே வீட்டில் குடியிருத்தியிருந்தது.

இனி அந்த வீட்டுக்குள் புகுந்த இன்னொரு விருந்தாளியைச் சொல்ல வேண்டும். பட்டாசுக்கு உயிர் திரியில் இருக்கிறது. நூலில் வெடிமருந்தேற்றி உலர்த்தியது, கருந்திரி என்பார்கள். அதைக் கம்பெனிக்குள் வைத்து வெட்டினால் தனிக் கொட்டகை வேண்டும், மணல் வாளி வேண்டும், அதிகாரி வந்தால் கணக்குக் காட்ட வேண்டும், ஆள் செத்தால் பதில் சொல்ல வேண்டும். ஏழை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டால்? கொட்டகையும் ஏழையுடையது, கூரையும் ஏழையுடையது, உயிரும் ஏழையுடையது. சரக்கு மட்டும் கம்பெனியுடையது! இந்தச் சூழ்ச்சிக்குத் தரகன் லட்சுமிகாந்தம். ஊரில் அவனுக்கு ஏசண்டு என்று பெயர். சீசன் தொடங்கினால் சைக்கிளில் கருந்திரிச் சுருள் கொண்டுவந்து வீடு வீடாக இறக்குவான். அளவாய் வெட்டி, கட்டாய்க் கட்டி, கட்டுக்கு ஒரு காகிதப் பட்டை பசைபோட்டு ஒட்டித் தர வேண்டும்.

கருந்திரி வீட்டுக்குள் வந்தது. விறகடுப்பு வீட்டைவிட்டு வெளியே போனது. புதுப்பட்டியில் அந்தத் தெரு முழுவதும் முற்றத்தில்தான் சமையல். வெயிலானாலும் காற்றானாலும் அங்கேதான். உள்ளே தீக்குச்சி உரசக் கூடாது என்பது செல்லத்தாயின் கண்டிப்பான சட்டம்.

ஆனால் எந்தச் சட்டத்திலும் பழக்கம் ஒரு பொத்தல் போட்டுவிடுகிறது. வெட்டும்போது விழும் திரித் துண்டுகளைப் பெண்கள் எறிவதில்லை. ஒரு கொட்டாங்கச்சியில் சேர்த்து வைப்பார்கள். பருத்திமார் விறகு நனைந்து போனால் இரண்டு துண்டைச் செருகித் தீ வைத்தால் சீறிக்கொண்டு பிடிக்கும். திறந்த முற்றத்தில் அதனால் யாருக்கும் கேடு வந்ததில்லை. கேடு வராதவரை எல்லாம் சமையல் கைப்பக்குவம்தானே!

அறுபத்து மூன்றாம் ஆண்டு, புரட்டாசி முடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. கரிசல் குழைந்து காலை விடமாட்டேன் என்றது. ஈரம் கோத்து, வெளியே காய வேண்டிய திரியெல்லாம் வீட்டுக்குள் கொடிகட்டித் தொங்கியது. குனிந்துதான் நடக்க வேண்டும். பெரும் பகலில் லட்சுமிகாந்தம் குடையோடு வாசலில் வந்து நின்றான்.

"ஏலே சோணை!"

"லோடு ஏத்தப் போயிருக்காகய்யா" என்றாள் இருளம்மாள்.

"கட்டு எம்புட்டு முடிஞ்சிருக்கு?"

"இந்த லோடுக்கு வெட்டிக் கட்டிட்டோம்யா. பட்ட ஒட்டத்தான் பாக்கி. நேத்துக் காச்சுன பசை புளிச்சுப் போச்சு. புதுசாக் காச்சணும்னா முத்தத்து அடுப்புல தண்ணி நிக்கி."

"ஒங்க முத்தம் காயுற வரைக்கும் தீவாளி வாசல்ல காத்துக் கெடக்குமா? சாயங்காலம் லாரி நிக்கும். வடக்கருந்து தந்தி மேல தந்தி." அவன் கண் கூரைக்குப் போனது. சுற்றிய சேலை நெகிழ்ந்து, பரணில் பித்தளை மின்னியது. "அந்தா பளபளன்னு ஒக்காந்திருக்கே, அது எதுக்கு? சாமி கும்புடவா?"

"அது சீர்ச்சாமான்யா" என்றாள் செல்லத்தாய்.

"சீர்ச்சாமானோ சில்லறைச்சாமானோ, எறக்கிப் பசையக் காச்சுங்க. இல்லேன்னாச் சொல்லிருங்க. அடுத்த சீசனுக்கு எங்காலு இந்த வாசல்ல படாது."

"வீட்டுக்குள்ள எப்படிய்யா? தலைக்கு மேல திரி தொங்குதே?" இருளம்மாள்தான் கேட்டாள். கேட்டாள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

"ஒரு மூலையில வச்சுக் காச்சு தாயி. பம்ப் அடுப்புல பொறி பறக்காது. டவுன்ல ஆசுபத்திரியிலயே வச்சிருக்கான்." அவன் அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்விட்டான்.

பெண்ணின் புகைக்கு இறங்காத அடுப்பு, மாமியாரின் காய்ச்சலுக்கு இறங்காத அடுப்பு, கம்பெனியின் பசைக்கு இறங்கியது! செல்லத்தாயே ஏறி இறக்கினாள். மூலையில் வைத்து, தலைக்கு மேலே இருந்த கொடியை மட்டும் ஒதுக்கிக் கட்டினாள். விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயைத் தொட்டியில் ஊற்றினாள்.

மருமகள் முகத்தில் பயம் இருந்தது. பயத்தின் மேலே மகிழ்ச்சியும் இருந்தது.

"கடேசில எறக்கிட்டீக பாத்தீகளா அத்தை."

"எறக்கிட்டேன், எறக்கிட்டேன். கரி புடிக்காமக் காச்சு."

"பசைய எறக்குன கையோட ஒரு வாய் கருப்பட்டிக் காப்பி போட்டுருவமா?"

செல்லத்தாய் ஒரு கணம் யோசித்தாள். மழை ஓலையில் பொழிந்துகொண்டிருந்தது. "ம், போடு. இந்த ஈரத்துக்கு நல்லாத்தான் இருக்கும். கருப்பட்டி இல்ல. வீரலட்சுமிகிட்ட ஒரு வில்ல வாங்கிட்டு வாரேன்."

முறத்தைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். வீரலட்சுமி கருப்பட்டியை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது தன் வீட்டுக்குள்ளிருந்து மருமகளின் குரல் வந்தது.

"அத்தை! கிண்ணியில போட்ட துணி நமுத்துப் போச்சு. பத்தவே மாட்டேங்கி!"

செல்லத்தாய் திரும்பிப் பாராமலே குரல் கொடுத்தாள். எத்தனையோ மழைநாளில் முற்றத்தைப் பார்த்துச் சொன்ன சொல், பழக்கத்தில் தானாக வந்தது:

"கொட்டாங்கச்சியில திரி கெடக்கு பாரு. ரெண்டு கிள்ளிப் போடு!"

வெடிச்சத்தம் கேட்கவில்லை. இதை அந்தத் தெருவே அறியும். பாம்பு சீறுவதைப் போல் ஒரு நீண்ட சீற்றம், கதவுச் சந்திலும் ஓலை இடுக்கிலும் கண்கூசும் வெள்ளை வெளிச்சம், பிறகு புகை. கொடி கொடியாய்த் தொங்கிய திரி முழுவதும் ஒரே மூச்சில் எரிந்து தீர்ந்தது. நனைந்த கூரை பற்றவில்லை. வீடு பிழைத்துக்கொண்டது. செல்லத்தாய் கையிலிருந்த கருப்பட்டி மழையில் கரைந்து விரல் வழியே ஒழுகியதை அவள் கவனிக்கவில்லை.

இருளம்மாள் மறுநாள் காலை வரை உயிரோடிருந்தாள். வாழை இலையில் கிடத்தியிருந்தார்கள். தகப்பன் வந்தபோது அவளால் பார்க்க முடியவில்லை. "அப்பா, அடுப்புக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று மட்டும் கேட்டாள்.

கிராம முன்சீப்பும் ஒரு போலீஸ்காரரும் வருவதற்கு முன்பே லட்சுமிகாந்தம் வந்துவிட்டான். சோணைமுத்துவைப் புளியமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"ஏலே, நல்லாக் கேட்டுக்கோ. லைசென்சு இல்லாம வீட்டுல மருந்து வச்சிருந்தது யாரு? நீ. அந்த வீடு ஆரு பேருல இருக்கு? உங்கம்மா பேருல. திரின்னு ஒரு சொல்லு வந்துச்சு, ரெண்டு பேரும் உள்ள. தெருவுல ஒரு வீட்டுக்கு இனி வேலை கெடையாது. அத்தனை பேரும் ஒன்னையத்தான் வைவான். பம்ப் அடுப்பு வெடிச்சுதுன்னு சொல்லு. ஒங்க வீட்டுல பம்ப் அடுப்பு இருக்குன்னு ஊருக்கே தெரியுமே!"

சோணைமுத்து சொன்னான். தெரு தலையைக் குனிந்துகொண்டது. எந்தப் பெருமைக்காக அந்த அடுப்பை வீடு வீடாகச் சுமந்தார்களோ, அந்தப் பெருமையே பொய்க்குச் சாட்சியாய் வந்து நின்றது.

முன்சீப் எழுதத் தொடங்கியபோது பெத்தணன் எழுந்தார்.

"ஐயா, ஒரு சந்தேகம். வெடிச்ச அடுப்பு எங்க?"

"சுக்குநூறாப் போச்சு" என்றான் லட்சுமிகாந்தம்.

"சுக்குல ஒண்ணக் காட்டுங்க."

"சம்பந்தக்காரரே, துக்கத்துல பேசுறீக. ஒக்காருங்க."

"மகளக் குடுத்தவன் கேக்கேன். அடுப்பக் காட்டுங்கய்யா."

"பொம்பளைக்கு அடுப்பு பத்தவைக்கத் தெரியல. அதுக்கு யாரு என்ன செய்ய?" என்றார் முன்சீப். பேனா நிற்கவில்லை. கம்பெனி தப்பியது. ஏசண்டு தப்பினான். செத்தவள்மேல் பழி விழுந்தது; அவள் எழுந்து மறுக்கமாட்டாள் அல்லவா!

அன்றே லட்சுமிகாந்தம் சோணைமுத்துவிடம் சொல்லிவிட்டுப் போனான்: அடுப்பைக் கொல்லன் பட்டறையில் கொடுத்துத் தட்டி நசுக்கிவிட வேண்டும். சோணைமுத்து வீடெல்லாம் தேடினான். கிடைக்கவில்லை. "நான் பாக்கல" என்று தாய் சொன்னாள். ஒளித்து வைக்கும் வித்தையை அவளைவிட அறிந்தவர் யார்? மருமகளுக்குக் கிடைக்காமல் அதை ஒளித்தவள், இம்முறை ஏசண்டுக்குக் கிடைக்காமல் ஒளித்திருந்தாள்.

பால் தெளித்த மூன்றாம் நாள், தலையில் ஓலைப்பெட்டியோடு ஆனைக்குட்டத்துக்கு நடந்து வந்தாள். பெட்டி நிறையப் பருத்திக்கொட்டை. பெத்தணன் முன்னால் இறக்கி, கொட்டையை விலக்கினாள்.

"அண்ணே, உங்க சாமான்."

கால் ஒன்று வளைந்திருந்தது. மேலெல்லாம் கரி. தொட்டி கீறல் இல்லாமல் இருந்தது. அசைத்தால் உள்ளே எண்ணெய் ததும்பியது.

"நாந்தான் அண்ணே கொன்னேன். திரியக் கிள்ளிப் போடுன்னு நாந்தான் சொன்னேன்." தெருக்கோடி வரை கேட்கும் குரல், பக்கத்திலிருந்தவருக்கே அரைகுறையாய்த்தான் கேட்டது.

பெத்தணன் அடுப்பைத் தரையில் வைத்தார். "நீ சொல்லாட்டியும் அவ அதத்தான் செஞ்சிருப்பா தங்கச்சி. ஒங்க தெருவுல அம்புட்டுப் பேரும் அதத்தானே செய்யுறீக. தலைக்கு மேல திரியத் தொங்கவிட்டுட்டு, கீழ காச்சுன்னு சொன்னவன் யாரு? அத வந்து சொல்லு. முன்சீப்புகிட்ட ஒரு வார்த்த சொல்லு."

"எம்மவனக் கொண்டுபோயிருவாகளே அண்ணே." முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். "எனக்கு இருக்கது அவன் ஒருத்தந்தான். என் வாய் வராது. இதக் கொண்டுபோங்க. இது சொல்லும்."

பெத்தணன் கரியைத் துடைக்காமல் அப்படியே சாத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போனார். பீர் முகைதீன் கடைப்படியில் உட்கார்ந்து கிண்ணியைக் குனிந்து பார்த்தார். பாதி கருகிய துணி. அதன்மேல் கருந்திரியின் சாம்பல் இரண்டு கோடாய்ப் படிந்திருந்தது.

"யா அல்லா… இதுல திரியப் போட்டா பொறி நாலு தெசையும் பறக்குமே." பம்பை இழுத்துப் பார்த்தார். "இன்னும் காத்தே அடிக்கல அண்ணாச்சி. காத்து ஏறாத தொட்டி எப்படி வெடிக்கும்? புள்ள பம்புல கையே வைக்கல."

"இப்ப எரியுமா பாய்?"

பீர் முகைதீன் அவரை நிமிர்ந்து பார்த்தார். காலை நிமிர்த்தினார், தலையைத் துடைத்தார், புதுத்துணியை எண்ணெயில் நனைத்துக் கிண்ணியில் வைத்துக் கொளுத்தினார். புகைந்து அடங்கியது. பம்பை மெதுமெதுவாக அடித்தார். அடுப்பு 'உர்ர்' என்று உறுமி, உச்சியில் நீலப் பூவாய்ப் பூத்து நின்றது. புகை இல்லை.

பெத்தணன் இரண்டு உள்ளங்கையையும் அந்த நீலத்தின் பக்கம் காட்டினார்.

"இப்படித்தான் எரியுமாக்கும்" என்றார். பிறகு, "அன்னைக்கு நீங்க கொளுத்திக் காட்டுறேன்னீக. நாந்தான் வேண்டாம்னேன். எம்புள்ள இதப் பாக்கவே இல்லையே பாய்" என்று சொல்லிக் கடைவீதியில் வாய்விட்டு அழுதார். எண்ணெய் தீரும் மட்டும் அடுப்பை யாரும் அணைக்கவில்லை.

முன்சீப்பிடம் கொண்டுபோய்க் காட்டினார். "எழுதினது எழுதினதுதான்" என்று பதில் வந்தது. அடுத்த வருடம் சீசனும் வந்தது; சைக்கிளில் சுருளும் வந்தது. இன்னொரு ஊரில் இன்னொரு பெண், பம்ப் அடுப்பு வெடித்துச் செத்தாள் என்று சேதி வந்தது. பெத்தணன் தன் அடுப்பைத் துண்டில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் கேத வீட்டு வாசலில் போய் நின்றார். "வெடிச்ச அடுப்பு எங்கய்யா? அதக் காட்டுங்க" என்று கேட்டார். பைத்தியக்காரன் என்று விரட்டிவிட்டார்கள். ஒரு மனிதன் கேட்டால் பைத்தியம்தான். ஒற்றைக் குரலை விரட்டுவது எளிது.

ஆகவேதான் உங்களை அழைத்து வந்தேன். இரக்கப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு உறங்குவதற்காக அல்ல. நீங்கள் கொளுத்தும் பட்டாசின் திரி எந்த வீட்டுக் கூரைக்குக் கீழே வெட்டப்பட்டது என்று விற்பவனைக் கேளுங்கள். உங்கள் ஊரில் சமையல் முற்றத்துக்குப் போய், மருந்து வீட்டுக்குள் வந்திருந்தால், அந்த ஏசண்டைத் தெருவில் நிறுத்திக் கேளுங்கள். பரணில் இருப்பதை இறக்கி, உங்கள் வீட்டுப் பெண்களின் கையில் கொடுங்கள், எரியவைத்துக் காட்டுங்கள். நாளை எந்த ஊரிலாவது ஒரு பெண் அடுப்பு வெடித்துச் செத்தாள் என்று சொல்லக் கேட்டால், மாலையோடு போகாதீர்கள், கூட்டமாகப் போங்கள். பெத்தணனை முன்னால் விட்டு, அவர் பின்னால் நின்று, எழுதுகிறவரின் பேனாவைப் பிடித்து நிறுத்தி, எல்லோரும் ஒரே குரலில் கேளுங்கள்:

வெடித்த அடுப்பு எங்கே? காட்டு!